மீன் இருக்கா என்று கேட்ட அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவருடைய படத்துக்கு முன்னால் இலை போட்டிருக்கும் இந்த நாளில், போடியிலிருந்தும் மலையிலிருந்தும் சோலியைப் போட்டுவிட்டு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும், உடன்பிறந்தவன் என்ற முறையில் என் வணக்கம்.

இந்த நினைவு மலரில் எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்பது வேறு கதை. அக்கா மகள் உத்தரவே போட்டுவிட்டாள். "மாமா, அம்மாவைப் பத்தி நீங்கதான் எழுதணும். நீங்க பண்ணதையும் சேத்து எழுதணும்." நான் பண்ணியது என்ன என்று இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கும் இன்று தெரியட்டும். அதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுதினால், அது முகஸ்துதியாக இருக்குமே தவிர அக்காவாக இருக்காது.

அக்கா பிறந்தது குரங்கணிக்கு மேலே, ஓர் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில். அப்பாவும் அம்மாவும் அங்கே கூலி வேலை செய்தார்கள். அக்காவுக்கு ஏழு வயது ஆனபிறகு நான் பிறந்தேன். எனக்கு நான்கு வயதாக இருந்தபோது அம்மாவுக்கு மலைக்காய்ச்சல் கண்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் வந்து, மூன்று கம்பளி போர்த்தினாலும் பல் கிட்டிக்கொள்ளும் என்று அப்பா சொல்வார். கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு நாலு பேர் கீழே இறங்கினார்கள். பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அம்மாவின் முகம் நினைவில்லை. எனக்குச் சோறு ஊட்டிய முகம் என்றால் அக்காவின் முகம்தான்.

இதை வைத்துக்கொண்டு, அம்மாவைக் கொன்ற கொசுவைப் பழி வாங்கத்தான் அக்கா இந்த வேலைக்குப் போனார் என்று சொந்தத்தில் சிலர் கதை கட்டியிருக்கிறார்கள். நானும் ஒருமுறை அக்காவிடமே கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். "ஆத்தாவுக்காகவா? பத்தாவது படிச்ச பொம்பளை ஆளு வேணும்னாங்க. நான் பத்தாவது படிச்சிருந்தேன். சோலி கெடச்சது, போனேன். நீ ஒண்ணு." அவ்வளவுதான் அவருடைய விளக்கம்.

அப்பா எங்களை அழைத்துக்கொண்டு போடிக்கு இறங்கிவிட்டார். அக்கா அங்கே பத்தாவது வரை படித்தார். மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டார். மச்சான் அன்றும் ஜீப் டிரைவர், இன்றும் ஜீப் டிரைவர். தோட்டத்துக்கு ஆளும் லோடும் ஏற்றி இறக்குபவர். அக்கா மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொசு ஒழிப்பு மஸ்தூராக அக்கா சேர்ந்தார். மஸ்தூர் என்றால் ஒப்பந்தக் கூலி. ஒரு பை, ஒரு டார்ச் லைட், சாக்பீஸ், ஒரு நோட்டு, வெள்ளை எனாமல் பூசிய நீளக் கைப்பிடி அகப்பை. இத்தனையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியைத் திறக்கச் சொல்ல வேண்டும். முதல் மாதத்தில் நாய் துரத்தியது, மாமியார்கள் துரத்தினார்கள். "கொசுக்காரி வந்துட்டா, கதவச் சாத்து" என்று காதுபடவே பேசினார்கள். அக்கா கதவு திறக்கும் வரை வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். கோபப்படவும் மாட்டார், நகரவும் மாட்டார். அந்தப் பிடிவாதத்தைச் சின்ன வயதிலேயே அனுபவித்தவன் நான். தட்டில் இருக்கும் கடைசிச் சோற்றைத் தின்னும் வரை எழவிட மாட்டார்.

அவர் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் மேல் தன் நிழல் விழாத பக்கமாக நிற்பார். நிழல் விழுந்தால் புழு அடியில் போய்விடுமாம். அகப்பையைச் சாய்த்து மெல்ல முகந்து, அசையாமல் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். புழு தண்ணீர் மட்டத்தில் படுத்துக் கிடந்தால் மலேரியாக் கொசு. தலைகீழாகத் தொங்கினால் வேறு ரகம். இதை எனக்கும் பல தடவை காட்டியிருக்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் "ம்" கொட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை.

"எங்க வீட்டுல சாக்கடையே கெடையாது, கொசு எங்கிட்டு இருந்து வரும்?" என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் அக்கா சொல்வது ஒன்றுதான். "சாக்கடைக் கொசு வேறம்மா. இது நல்ல தண்ணியாப் பாத்துத்தான் முட்டை போடும். ஒங்க தண்ணி நல்ல தண்ணின்னு அதுவே சர்ட்டிபிகேட்டு குடுத்துருக்கு, கோவிச்சுக்காதீக." அந்த அம்மா சிரித்துவிடுவார். சிரித்தபின் தொட்டியைக் கழுவாமல் இருக்க முடியாது.

என் மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், காபி டம்ளரை வைத்துவிட்டு அக்கா கொல்லைப்பக்கம் போனார். ரொம்ப நேரம் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால், சம்பந்தி வீட்டுத் தொட்டி மூடியைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு மானம் போனது. "ரெண்டு நாள் காய வையுங்க, மூடிய மாத்துங்க. மத்தபடி பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு" என்றார். அந்தச் சம்பந்தி இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு வந்த ஆட்களிலேயே உருப்படியாக எதையாவது பார்த்தவர் அக்கா ஒருவர்தான் என்று அவர் எங்கே போனாலும் சொல்வார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

குரங்கணிக்கு மேலே எனக்குக் கொஞ்சம் ஏலக்காய் உண்டு. கோடையில் தண்ணீர் ஊற்றாவிட்டால் ஏலச்செடி கருகிவிடும். அதனால் எங்கள் மலையில் பலரும் செய்வதுபோல நானும் படுதாக்குளம் வெட்டினேன். பெரிய குழி தோண்டி, அதில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, மழைத் தண்ணீரைத் தேக்கி வைப்பது. கேரளப் பக்கத்து ஆட்களிடமிருந்து வந்த பேர் அது. நிழலில், அசையாமல், சுத்தமாகக் கிடக்கும் தண்ணீர். மலேரியாக் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அக்காவுக்கு உறைத்தது. குளம் நிரம்பிய வாரமே மச்சானின் ஜீப்பில் ஒரு வாளி நிறைய மீனைக் கொண்டுவந்தார். கம்பூசியா மீன், சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. கொசுப்புழுவைத் தின்பதுதான் அதன் வேலை. சுகாதார நிலையத்துத் தொட்டியில் அதை வளர்த்து, கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடுவார்கள். குளத்தில் விட்டுவிட்டு அக்கா என்னிடம் சொன்னது எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது.

"தம்பி, மருந்தடிக்கிற டிரம்மை இங்கன கழுவிறாத. மீன் தாங்காது."

"சரிக்கா."

"ஓடையிலயும் விட்றாத. அங்க இருக்கிற மீனோட முட்டையத் தின்னுரும்."

"சரிக்கா, சரிக்கா."

ஏலத்துக்கு அடிக்கடி மருந்து அடிக்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டிரம்மில் கலந்து, ஹோஸ் போட்டு அடிப்போம். ஒரு நாள் அடித்து முடிக்கும் நேரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. கழுவுகிற குழாய் அந்தக் கோடியில் இருந்தது. குளம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. டிரம்மைக் குளத்திலேயே முக்கிக் கழுவி, ஹோஸையும் அலசிவிட்டேன். மறுநாள் காலையில் போனால் மீன் அத்தனையும் வெள்ளையாக மிதந்தது. அள்ளி ஒரு செடி மூட்டில் புதைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் படிவத்தை நிரப்புவார். எந்தக் குளம், எந்தத் தொட்டி, புழு உண்டா, மீன் உண்டா என்று அதில் எழுத வேண்டும். மற்ற எல்லா இடத்துக்கும் அவரே நடந்து போய் அகப்பை விட்டுப் பார்ப்பார். என் குளத்துக்கு மட்டும் வர மாட்டார். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து என் தோட்டத்துக்குச் செங்குத்தாக ஏற வேண்டும், அவருக்கு முழங்கால் வலி, அது ஒரு காரணம். ஆனால் அதைவிடச் செங்குத்தான இடத்துக்கெல்லாம் அவர் ஏறியிருக்கிறார். உண்மையான காரணம், அது தம்பியின் குளம். எனக்குப் போன் வரும்.

"தம்பி, மீன் இருக்கா?"

"இருக்குக்கா."

அவர் அதை எழுதிக்கொள்வார். ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை, ஐந்து மாதம். ஊரில் யார் வாயையும் நம்பாமல் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தவர், என் வாயை நம்பினார். அக்கா தன் வேலையில் செய்த ஒரே தவறு அதுதான். அதைச் செய்ய வைத்தவன் நான்.

அந்தச் சமயத்தில் என் தோட்டத்தில் சோமாரி என்ற பெண்ணும் அவருடைய கணவரும் வேலை செய்தார்கள். வடக்கே ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். குளத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில்தான் தங்கியிருந்தார்கள். சோமாரி அப்போது ஏழு மாதம். ஒரு நாள் குளிரில் நடுங்கிக்கொண்டு படுத்துவிட்டார். மழையில் நனைந்தது என்று நினைத்துக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன். மறுநாள் எழுந்து நடமாடினார். "பாத்தியா, சரியாப் போச்சு" என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். மூன்றாம் நாள் மறுபடி நடுக்கம். மூட்டை ஏற்ற வந்த மச்சான் அதைப் பார்த்துவிட்டார். நேராக அக்காவுக்குப் போன் போட்டார். "ஒரு நா விட்டு ஒரு நா நடுக்கம் வருது. வெரசா வா."

அக்கா உச்சி வெயிலில் ஏறி வந்தார். மூச்சு வாங்கியபடியே சோமாரியின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பரிசோதனைப் பட்டையில் விட்டார். கால் மணி நேரம் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது கோடு விழுந்தது. மலேரியா.

சோமாரி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். "தீதி, பச்சா?" என்றார். அக்காவுக்கு இந்தி தெரியாது. ஆனால் பிள்ளையைப் பற்றிய அந்தக் கேள்வி புரிந்தது. "ஒண்ணும் ஆகாது ஆத்தா. நான் இருக்கேன்ல" என்று தமிழிலேயே சொன்னார். சொல்லிக்கொண்டே கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டார். இரண்டு உயிர் அது. எங்கள் அம்மாவைக் கம்பளியில் கட்டித் தூக்கிய அதே மலை.

சோமாரியின் கணவர் தனக்கும் காய்ச்சல் வந்திருந்தது என்று அப்போதுதான் சொன்னார். ஊருக்குப் போய்த் திரும்பியபோது வந்ததாம். அங்கேயே மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். "காச்சல் போச்சு. மாத்திரை விட்டாச்சு" என்றார். பதினான்கு நாள் சாப்பிட வேண்டியதை நாலு நாளில் நிறுத்திவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "பாத்தியாக்கா, இவங்க ஊருல இருந்து கொண்டு வந்த நோவு" என்றேன்.

அக்கா திரும்பினார். "நோவு ரயிலேறி வந்துருக்கலாம். அவன் ஒடம்புல இருந்து இவ ஒடம்புக்கு அதைத் தூக்கிட்டுப் போன கொசு எங்க பொறந்துச்சு?" சற்று நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்ட அதே குரலில் கேட்டார். "மீன் இருக்கா?"

நான் குளத்தின் பக்கம் திரும்பினேன். அக்கா பையிலிருந்து அகப்பையை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனார். நிழல் விழாத பக்கமாக நின்று முகந்தார். முதல் அகப்பையிலேயே தெரிந்தது. தண்ணீர் மட்டத்தில் படுத்துக் கிடந்தன. ஒன்றல்ல இரண்டல்ல. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன்.

"எத்தனை மாசமா மீன் இல்ல?"

"அஞ்சு மாசம். டிரம்மைக் கழுவிட்டேன்."

"மருந்து வீரியம் போனதும் கொசு திரும்பி வந்துரும்டா. மீன் எங்கிட்டு இருந்து வரும்?"

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புழுவைப் பாட்டிலில் பிடித்து மூடினார். சாக்பீஸை எடுத்து, மோட்டார் ரூம் கதவில் தேதி போட்டு, "மீன் இல்லை. புழு உண்டு" என்று எழுதினார். சோமாரியை ஜீப்பில் ஏற்றிப் போடி அரசு மருத்துவமனைக்கு மச்சானோடு அனுப்பிவிட்டு, சுகாதார நிலையத்துக்குப் போக மலை இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, கொஞ்சம் பொறு. குளத்தை இன்னைக்கே காலி பண்ணிர்றேன். இன்னைல இருந்து சரியா எழுது. பழசை விட்ரு. ஒப்பந்த வேலைக்கா, போயிரும்."

"போகட்டும்."

சுகாதார ஆய்வாளர் முன்னால் நோட்டை விரித்து வைத்து அக்கா சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "சார், இது என் தம்பி கொளம். அஞ்சு மாசமா நான் போய்ப் பாக்கல. அவன் சொன்னதை வச்சு மீன் இருக்குன்னு எழுதிட்டேன். தப்பு எம்மேல." அந்த ஆய்வாளர் நல்ல மனிதர். "முதல்ல கொளத்தைக் கவனிப்போம்மா, மத்தது அப்புறம்" என்றார். அக்கா விடவில்லை. "இல்ல சார். இதை இப்ப எழுதலைன்னா, மத்த எடத்துல நான் எழுதுனதை எப்படி நம்புவீங்க? எல்லாத்தையும் மறுபடி பாருங்க. நானே கூட வர்றேன்."

அப்படியே நடந்தது. அக்கா விளக்கம் எழுதிக் கொடுத்தார். வேறு ஆட்கள் வந்து, அக்கா எழுதிய ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு குளத்தையும் மறுபடி பார்த்தார்கள். முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு அக்கா அவர்களோடு நடந்தார். எந்த வாசலில் மரியாதையாக வரவேற்றார்களோ அதே வாசலில் தலை குனிந்து நின்றார். கடைசியில் நோட்டு முழுக்கச் சரியாக இருந்தது. ஒரே ஒரு இடம்தான் தப்பு. என் குளம்.

அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இன்னும் இரண்டு பேருக்கு இருந்தது. ஒருவர் நம்ம ஊர்க்காரர், வடக்கே எந்த ஊரையும் எட்டிப் பார்க்காதவர். எனக்கு நோட்டீஸ் வந்தது. என் படுதாக்குளம் எல்லார் கண் முன்னாலும் காலியானது. எனக்கு வந்தது வெட்கம் இல்லை, கோபம். இதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். "சொந்தத் தம்பியைக் காட்டிக் குடுத்துட்டா" என்று வீட்டில் கத்தினேன். தீபாவளிக்கு அக்கா வீட்டுப் படியை மிதிக்கவில்லை. அக்காவும் என்னைக் கூப்பிடவில்லை. சனிக்கிழமை போனும் நின்றுபோனது. அந்த மௌனம் எனக்கு நோட்டீஸைவிட அதிகமாக வலித்தது.

சோமாரி நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். அக்கா வேலை முடிந்ததும் தினமும் அங்கேதான் போவார். வயிற்றில் பிள்ளை இருந்ததால், எல்லா மாத்திரையையும் கொடுக்க முடியாது என்று டாக்டர்கள் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். நடுக்கம் நின்றது. பிள்ளை அசைந்தது. கணவரை அக்கா சும்மா விடவில்லை. பதினான்கு நாளும் காலையில் நேரில் போய் நின்று, வாயைத் திறக்கச் சொல்லி, மாத்திரை உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். மார்கழி மாதம் சோமாரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். அக்காவின் பெயரையே வைக்கிறோம் என்று இருவரும் சொன்னார்களாம். "பேரெல்லாம் வேணாம். மறுபடி காச்சல் வந்தா ஒடனே எனக்குச் சொல்லு, அது போதும்" என்றாராம் அக்கா.

மச்சான் என்னிடம் வந்து இதைச் சொன்னபோது நான் அழுதுவிட்டேன். மனைவி, பிள்ளைகள் முன்னால் அழுதேன். அதன்பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. டிரம் கழுவுவதற்குக் குளத்திலிருந்து தள்ளித் தனிக் குழி வெட்டினேன். படுதாவைக் கழுவிக் காயவைத்து மறுபடி விரித்தேன். தை பிறந்தது. அக்காவுக்குத் தம்பி கொடுக்கும் பொங்கல் சீரைத் தட்டில் வைத்துக்கொண்டு போனேன். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, சேலை. இன்னொரு கையில் அகன்ற வாயுள்ள காலி வாளி.

அக்கா கதவைத் திறந்தார். தட்டைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்தார்.

"சீரை அங்கிட்டு வையி. வாளியக் கொண்டா."

எங்கள் சமாதானம் அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சுகாதார நிலையத்துத் தொட்டியிலிருந்து எண்ணி மீன் போட்டுக் கொடுத்தார். மூடி போடாதே, வெயிலில் வைக்காதே, வழியில் நிற்காதே என்று மூன்று தடவை சொன்னார். நான் குரங்கணியில் டீ குடிக்க நின்றேன். ஜீப் வெயிலில் நின்றது. தண்ணீர் தளும்பக்கூடாதே என்று மூடியும் போட்டிருந்தேன். புத்தி மாறினால்தானே. தோட்டத்துக்குப் போய்த் திறந்தபோது பாதி மீன் செத்திருந்தது. ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு போனை எடுத்தேன்.

"அக்கா, பாதி செத்துருச்சு. டீ குடிக்க நின்னுட்டேன்."

அக்கா சிரித்தார். கொசுவைப் பழி வாங்கிய கதையைக் கேட்டபோதுகூட அப்படிச் சிரித்ததில்லை. "மிச்சத்தை விடு. பெருகிரும்" என்றார். அடுத்த சனிக்கிழமை மதியம் என் தோட்டத்துப் பாதையில் யாரோ மூச்சு வாங்க ஏறி வரும் சத்தம் கேட்டது. அக்கா. கையில் அகப்பை. அன்றிலிருந்து என் வாயை அவர் நம்பவில்லை. என் குளத்துக்கு வாராவாரம் வந்தார். மோட்டார் ரூம் கதவில் "மீன் இல்லை" என்று இருந்ததை அழிக்கவிடவில்லை. அதற்குக் கீழே வரிசையாகத் தேதி போட்டு "மீன் உண்டு, மீன் உண்டு" என்று எழுதிக்கொண்டே போனார்.

மிச்ச மீன் பெருகத்தான் செய்தது. பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டார், கொடுத்தேன். அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கினார். இன்று அந்தச் சரிவில் எனக்குத் தெரிந்த எந்தப் படுதாக்குளமும் மீன் இல்லாமல் இல்லை. டிரம் கழுவத் தனிக் குழி இல்லாத தோட்டமும் இல்லை. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாளே ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுகிறோம். அந்த ஆண்டுக்குப் பிறகு எங்கள் சரிவில் யாருக்கும் அந்தக் காய்ச்சல் வரவில்லை. இதை நான் எழுதுவது ஆண்டவன் மீது பாரத்தைப் போட்டு அல்ல. அக்காவின் நோட்டைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அக்காவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர்கள் சொன்னது போன ஆண்டு. படி ஏறக்கூடாது என்றார்கள். மலை ஏறக்கூடாது என்று அவர்கள் சொல்லவில்லையே என்று வாதாடினார். மருத்துவமனையில் படுத்திருந்தபோதும், ஜன்னலோரத்துப் பூந்தொட்டிக்கு அடியில் இருந்த தட்டைக் காட்டி நர்ஸம்மாவிடம், "கண்ணு, அந்தத் தண்ணியக் கவுத்துரு" என்றார். அந்தப் பிள்ளை அதன்பிறகு தினமும் கவிழ்த்துவிட்டு வந்து அக்காவிடம் கணக்கு ஒப்பிக்குமாம்.

கடைசியாக அக்கா என்னோடு பேசியது ஒரு சனிக்கிழமை மதியம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"தம்பி, மீன் இருக்கா?"

"இருக்குக்கா."

"பாத்தியா?"

"கொளத்து மேல நின்னுதான் பேசுறேன்கா. இந்தா, சத்தம் கேளு." குனிந்து கையால் தண்ணீரை அலம்பினேன். மீன்கள் சிதறி ஓடின.

"ம். கேக்குது" என்றார். மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா போய்ச் சேர்ந்தார். பொய் சொல்லாமல் அவருக்குக் கடைசிப் பதிலைச் சொல்ல முடிந்தது. எனக்கு அந்த ஒரு நிம்மதி போதும்.

துக்கத்துக்கு வந்தவர்கள் கால் கழுவ வாசலில் டிரம்மில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அழுதுகொண்டிருந்த அக்கா மகள் சட்டென்று நிமிர்ந்து, "யாராவது அதை மூடுங்க" என்றாள். ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினார்கள். அக்கா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அக்காவைத் தங்கள் தாய்போலக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும், முழங்கால் வலித்த நாட்களில் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்த மஸ்தூர் தோழிகளுக்கும், தப்பை ஒப்புக்கொண்டவரைத் தண்டிக்காமல் வேலையில் வைத்துக்கொண்ட அந்த ஆய்வாளருக்கும், கொசு மருந்து வாடையையும் மீன் வாளியையும் ஜீப்பில் சுமந்த மச்சானுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சோமாரி குடும்பத்தோடு வந்திருக்கிறார். அவருடைய மகள் இப்போது நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். என்னைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுகிறாள். முதலிலேயே கதவைத் திறந்து அக்காவை உள்ளே விட்டவர்களுக்கு நன்றி. கதவைத் திறக்காமல் நிற்க வைத்தவர்களுக்கும் நன்றி. நீங்களும் கடைசியில் திறந்தீர்கள்.

இந்த மலரோடு தாம்பூலப் பை கொடுக்கவில்லை. வாசலில் மூடியைத் திறந்து வைத்த தொட்டி ஒன்று இருக்கிறது. என் குளத்து மீன். கிணறு, தொட்டி, படுதாக்குளம் வைத்திருப்பவர்கள் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போங்கள். மூடி போடாதீர்கள், வழியில் டீ குடிக்க நிற்காதீர்கள், ஓடையில் விடாதீர்கள். எடுத்துப் போகிறவர்களின் போன் நம்பரை அக்கா மகள் எழுதிக்கொள்வாள். இனி சனிக்கிழமைகளில் அவள் கூப்பிட்டு, "மீன் இருக்கா?" என்று கேட்பாள்.

உடனே இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். "இரு ஆத்தா, பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, போய்ப் பாருங்கள்.